மாட்டுக்கொட்டகையிலிருந்து அஸ்ராமாவுக்கு: வாளி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

போன மாதம் பினாங்குப் பெருநிலத்துச் சிம்பாங் அம்பாட்டிலிருந்து என் சித்தி மகள் போன் போட்டாள். மகனுக்குக் கோலாலம்பூரில் அஸ்ராமா, அதாவது விடுதி, உள்ள ஒரு பள்ளியில் நான்காம் படிவத்துக்கு (16 வயது வகுப்பு) இடம் கிடைத்துவிட்டதாம். பள்ளி அனுப்பிய பட்டியலை மூச்சு விடாமல் வாசித்தாள்: வாளி இரண்டு, பூட்டு இரண்டு, ஹேங்கர் ஒரு டஜன், வெள்ளைப் படுக்கை விரிப்பு, பெயர் தைத்த சட்டை என்று போய்க்கொண்டே இருந்தது. "இதெல்லாம் அங்க எங்கக்கா மலிவாக் கிடைக்கும்?" என்றாள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "அவன் கிளம்பிட்டா காலையில செவலையை யாரு கறப்பா?" போனில் சத்தமே இல்லை.

அவள் வீட்டில் 14 உருப்படி, அதில் கறவை ஐந்து. வீட்டுக்காரர் பாலை ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்குள் மோட்டார் சைக்கிளில் தாமான் குடியிருப்புகளுக்குப் போயாக வேண்டும். நாலரைக்கு எழுந்து கொட்டகையைக் கூட்டி, கன்றை அவிழ்த்துவிட்டு, மூன்று மாட்டைக் கறந்து முடித்த பிறகுதான் பையன் பள்ளிச் சீருடையே போடுவான். அவன் கிளம்புகிற நாளிலிருந்து அந்த மூன்று மாடும் யார் கைக்குப் போகும் என்று முடிவாகாமல் வாளி வாங்கி என்ன பிரயோஜனம்?

நான் இதை அதட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1997-இல் நானும் இப்படித்தான் கிளம்பினேன். பினாங்கின் பெருநிலத்தில், பத்து கவான் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ஓரமாக ஏழெட்டுக் குடும்பம் மாட்டை நம்பி இருந்தோம். பகலெல்லாம் செம்பனைக்கு அடியில் மேய்ச்சல், பொழுது சாய்ந்தால் பட்டி. இப்போது போய்ப் பார்த்தால் ஊரே அடையாளம் தெரியாது. தொழிற்சாலைகள் வந்தன, 2014-இல் இரண்டாவது பாலம் திறந்தது, 2019-இல் ஐக்கியா கடையும் வந்துவிட்டது. நான் மாடு மேய்த்த இடத்தில் இன்று மெத்தை விற்கிறார்கள். (அதே இடம்தானா என்று அளந்து பார்க்கவில்லை, ஏறக்குறைய.)

அங்கிருந்து 16 வயதில் கோலாலம்பூருக்கு, மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் சாப்பிட்டு மணி அடித்தால் படுக்கிற ஒரு பள்ளிக்கு வந்து சேர்ந்தேன். அந்தக் கண்டிப்பு என்னை ஒன்றும் செய்துவிடவில்லை. வீட்டில் அரைகுறையாக விட்டுவிட்டு வந்த வேலைதான் இரண்டு வருஷம் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது. அதனால் முதலில் மாடு, அப்புறம் காகிதம், அதற்கும் அப்புறம்தான் பெட்டி.

முதலில் மாடு

ஒரு தாளை எடுத்துப் பிள்ளை ஒரு நாளில் செய்கிற வேலையை எல்லாம் எழுதுங்கள். பிள்ளையே எழுதினால் இன்னும் நல்லது, ஏனென்றால் பாதி வேலை பெரியவர்களுக்குத் தெரியவே தெரியாது. நான் செய்வது இரண்டு மாடு கறப்பதும் பால் கணக்கு எழுதுவதும்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். கன்றுக்குட்டிகளின் காதில் உண்ணி பிடுங்குவது, நொண்டி மாட்டுக்குத் தனியாகத் தண்ணீர் காட்டுவது, கொட்டகையில் கொசுவுக்குப் புகை போடுவது, சாயங்காலம் பட்டி வாசலில் நின்று தலை எண்ணுவது, எண்ணிக்கை குறைந்தால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடுவது, இதெல்லாம் நான் போன பிறகு ஒவ்வொன்றாக ஓட்டை விழுந்துதான் வீட்டுக்குத் தெரிய வந்தது.

கறவையைக் கை மாற்ற ஒரு மாதமாவது வேண்டும், ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. பழகாத கை பட்டால் மாடு பாலை எக்கிக்கொள்ளும், பாதிதான் இறங்கும், மடியில் தங்கிப்போன பால் மடிவீக்கத்தில் கொண்டுபோய் விடும், அப்புறம் ஒரு காம்பே போய்விடும். நான் பார்த்தவரை சரியாக வந்த முறை இது. முதல் வாரம், புதிதாகக் கறக்கப் போகிறவர், அப்பாவோ சித்தப்பாவோ கூலிக்கு வந்த ஆளோ, தவிட்டுத் தொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டின் முகத்துக்கு நேராக நின்றால் போதும், கறப்பது பிள்ளைதான். இரண்டாவது வாரம் மடி கழுவுவதும் காம்பில் எண்ணெய் தடவுவதும் புது ஆளின் வேலை. மூன்றாவது வாரம் ஆளுக்கு இரண்டு காம்பு. ஒரே பக்கத்தில் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்தால் முட்டி முட்டிக்கொள்ளும், மாடு திரும்பித் திரும்பிப் பார்க்கும், சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. நான்காவது வாரம் பிள்ளை கொட்டகைப் பக்கமே வரக்கூடாது. வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும் கூடாது, மாடு மோப்பத்தில் கண்டுபிடித்துவிடும்.

கை ஆள் கிடைக்கவில்லை என்றால் உருப்படியைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். கிழடு, சினை நிற்காதது, அடங்காத காளை, இவற்றை முதலில் தள்ளுங்கள். "பிள்ளை படிப்புக்கு" என்று சொல்லிக் கறவையை விற்றுவிட்டு அடுத்த வருஷம் வாடிக்கையையும் இழந்து நிற்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். காளை விற்பதாக இருந்தால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால்தான் நல்ல விலை போகும். ஆனால் பள்ளியில் சேரும் தேதி அதைப் பார்த்தா வருகிறது? அவசரத்துக்கு விற்கப் போனால் தரகர் உங்கள் முகத்தைப் பார்த்தே விலையைக் குறைத்துவிடுவார். விண்ணப்பம் போட்ட அன்றைக்கே, இடம் கிடைக்கிறதோ இல்லையோ, எதை விற்பது என்று முடிவு பண்ணி வைத்துவிடுங்கள்.

சினை மாட்டுக் கணக்கை மறந்துவிடாதீர்கள். சினை பிடித்ததிலிருந்து சுமாராக 280 நாள். பள்ளி விடுமுறைகளையும் கன்று போடும் நாள்களையும் ஒரே நாள்காட்டியில் குறித்து வையுங்கள். விடுமுறையில் கன்று விழுந்தால் பிள்ளைக்குக் கொண்டாட்டம். தேர்வு வாரத்தில் விழுகிற மாதிரி இருந்தால், அந்த ராத்திரி கூட நிற்க யார் வருவார் என்று இப்போதே ஒரு ஆளிடம் வாய்ச்சொல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பால் கணக்கு இன்னொன்று. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் போன பிறகு அம்மா கரித்துண்டால் அடுப்படிச் சுவரில் கோடு போட ஆரம்பித்தார்: வீட்டுக்கு ஒரு வரிசை, அரை லிட்டருக்கு ஒரு கோடு, காசு வந்தால் குறுக்கே ஒரு இழுப்பு. டீச்சர் வீட்டுக்கு மூக்குக் கண்ணாடிப் படம், கோயில் குருக்களுக்குக் குடுமி. முதல் விடுமுறைக்கு வந்தபோது இடுப்பளவில் தொடங்கிய கணக்கு என் தலைக்கு மேலே போயிருந்தது, அதில் மூன்று வீட்டுப் பாக்கி யாருக்கும் புரியாமல் அப்படியே முழுகிப் போனது. இன்றைக்குக் கைப்பேசி இருக்கிறது, அம்மா பேசி அனுப்பினால் பிள்ளை வெளியே வரும் நாளில் கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்பீர்கள். அது வேண்டாம். கணக்கை வீட்டிலேயே ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

காகித வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் காலத்தில் மூன்றாம் படிவத் தேர்வான பி.எம்.ஆர். முடிவை வைத்துக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பி.டி.3-யும் 2022-இல் நின்றுபோனது, ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். அதற்கு முந்தின வருஷமே போய்விட்டது. கல்வி அமைச்சின் முழு விடுதிப் பள்ளிகளுக்கு இப்போது பி.கே.எஸ்.கே. என்கிற மதிப்பீடு எழுத வேண்டும், முதலாம் படிவத்துக்கும் நான்காம் படிவத்துக்கும். மாரா என்கிற அரசு அமைப்பு நடத்துகிற எம்.ஆர்.எஸ்.எம். விடுதிப் பள்ளிகள் வேறு கதை, அங்கே பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாத பிள்ளைகளுக்கு 10 விழுக்காடு என்று ஒரு கோட்டா உண்டு. சுங்கை பெசியில் இருக்கும் அரச இராணுவக் கல்லூரி தற்காப்பு அமைச்சின் கீழ் வருகிறது, 1952-இல் போர்ட் டிக்சனில் தொடங்கி அப்புறம் கோலாலம்பூருக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனித் தேதி. "எல்லாம் தமிழ்ப்பள்ளி வாத்தியார் பார்த்துக்குவாரு" என்று விட்டுவிடாதீர்கள், தேதியை நீங்களே அமைச்சின் அகப்பக்கத்தில் பாருங்கள்.

மாட்டு வீட்டுக்காரர்கள் முட்டிக்கொள்கிற இடம் வருமானச் சான்று. உதவித்தொகைக்கும் சாப்பாட்டுக் கட்டணக் கழிவுக்கும் சம்பளச் சீட்டு கேட்பார்கள். நம்மிடம் ஏது சம்பளச் சீட்டு? பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றுகிறவர்கள் ஆறு மாத ரசீதைச் சேர்த்து வையுங்கள். தாமானில் நேரடியாக ஊற்றுகிறவர்கள் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய் வருமான உறுதிமொழி எழுதிக் கையெழுத்து வாங்கலாம், சில வெள்ளிதான் (ரிங்கிட்) செலவு. அதோடு கம்பத்து (கிராமத்து) தலைவரின் கடிதமும் இருந்தால் பெரும்பாலும் பேச்சு முடிந்தது. வருமானத்தை ரொம்பக் குறைத்தும் எழுதாதீர்கள், கௌரவத்துக்காகக் கூட்டியும் எழுதாதீர்கள். என் அப்பா இரண்டாவதைச் செய்தார். "பெரிய பள்ளிக்கூடம், நம்மள என்ன நெனப்பாங்க" என்று அவர் கூட்டிச் சொல்லி எழுதவைத்ததில் எனக்கு முதல் வருஷம் உதவித்தொகை கிடைக்கவில்லை.

மருத்துவப் படிவத்துக்குப் போகும்போது பிள்ளையின் கை, கழுத்து, இடுப்பில் படர்தாமரை இருக்கிறதா என்று பார்த்து மருந்து வாங்கிவிடுங்கள். கன்றுக்குட்டியிடமிருந்து ஒட்டுவதுதான், நம் வீட்டில் யாரும் கண்டுகொள்ள மாட்டோம். ஆனால் 20 பேர் படுக்கிற டார்மில் ஒருத்திக்கு வந்தால் இருபது பேருக்கும் வரும், பழி யார்மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி, வாடை

பள்ளிப் பட்டியலில் இருப்பதை வாங்குங்கள், அவ்வளவுதான். காலணி கறுப்பு, 2021 முதல் எல்லாப் பள்ளிக்கும் அதுதான், அண்ணனின் பழைய வெள்ளைக் காலணி வேலைக்கு ஆகாது. பூட்டுக்கு மூன்று சாவி இருந்தால் ஒன்று வார்டனிடம், ஒன்று பிள்ளையிடம், ஒன்று வீட்டில்.

நான் உண்மையில் சொல்ல வந்தது வாடையைப் பற்றி. முதல் ராத்திரி எனக்கு மேல்கட்டில். விளக்கை அணைத்த பிறகு கீழே யாரோ "பாவ் அபா இனி?" என்று கேட்டாள். என்ன நாற்றம் இது என்று. யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மூக்கில் இருக்கிற வாடை எப்படித் தெரியும்? மறுநாள் மூன்று முறை குளித்தேன். உடம்பிலிருந்து வரவில்லை, பெட்டியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. புதுத் துணி, புது மெத்தை எல்லாவற்றையும் வாங்கிய நாளிலிருந்து கொட்டகையை ஒட்டிய அறையில், புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தோம்.

ஆகவே வாங்குவதை எல்லாம் கொட்டகை இல்லாத ஒரு உறவுக்காரர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். கிளம்புகிற அன்று பிள்ளை அங்கே போய்க் குளித்து, அங்கிருக்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே பஸ் ஏறட்டும். பழைய பையை எடுத்துப் போவதாக இருந்தால் மூன்று வெயிலில் காய வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மீன்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதைதான். விடுதிக்குப் போகிற தங்கச்சி, யாராவது கேட்டால் "எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது" என்று நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. நான் மூன்று மாதம் கழித்துச் சொன்னேன். அன்றைக்குக் கீழ்க்கட்டில்காரி கேட்டது, கன்றுக்குட்டி பார்க்க வரலாமா என்றுதான்.

தட்டில் என்ன இருக்கும்

அஸ்ராமாவில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை போடுவார்கள், பசிக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் சில நாள் தட்டில் மாட்டிறைச்சி இருக்கும்.

எங்கள் வீட்டில் காளைக்கன்று வளர்ந்தால் அதை யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். தரகர் வருவார், பல்லைப் பார்ப்பார், அப்பா நம் கயிற்றைக் கழற்றிக்கொண்டு அவர் கயிற்றில் மாற்றிக் கொடுப்பார், லாரி போகிற வரைக்கும் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டார். என் மெத்தை, பெட்டி, முதல் தவணைக் கட்டணம், எல்லாமே அப்படிப் போன ஒரு காளையின் காசு. முதல் வாரம் சாப்பாட்டு மண்டபத்தில் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவள் "டாகிங்" என்று, மாட்டிறைச்சியைப் பார்த்து, சந்தோஷமாகச் சொன்னாள். அப்போதுதான் லாரி எங்கே போகும் என்கிற கணக்கு எனக்கு முழுசாகப் புரிந்தது. அன்றிலிருந்து ஒரு வாரம் வெறும் சோறும் கிச்சாப்பும் (சோயா சாஸ்).

அதெல்லாம் தேவையே இல்லை. சேர்க்கைப் படிவத்தில் உணவுப் பகுதி இருந்தால் தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் பெற்றோர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வார்டனுக்கு: மத காரணத்தால் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, முட்டையோ மீனோ கோழியோ கொடுத்தால் போதும். இரண்டு வரி. பெரும்பாலான இடங்களில் அதற்கு மேல் பேச்சே வராது. ஒவ்வாமை என்று பொய் எழுதாதீர்கள். என் தோழி ஒருத்தி அப்படி எழுதிவிட்டு, ஒவ்வாமைச் சோதனைக்குக் கிளினிக் கூட்டிப் போனபோது திருதிருவென்று விழித்தாள். கரண்டி மாறிவிட்டால் சமையல்கார மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) தணிவாகச் சொன்னால் போதும், மாற்றிக் கொடுப்பார். பக்கத்தில் சாப்பிடுகிறவளின் தட்டைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே. விற்றது நம் வீடு.

மணிக்கூண்டு வாழ்க்கை

ஐந்தரைக்கு எழுப்புவார்கள் என்று பயமுறுத்துவார்கள். மாட்டு வீட்டுப் பிள்ளைக்கு ஐந்தரை என்பது லேட். சிக்கல் ராத்திரியில்தான். எட்டு மணியிலிருந்து பத்து வரை பிரெப், அதாவது மேசையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் படிக்கும் நேரம். வீட்டில் எட்டரைக்கு எல்லோரும் படுத்துவிடுகிற பழக்கத்தில் எனக்குப் புத்தகத்தைத் திறந்த பத்தாவது நிமிஷம் தலை தொங்கிவிடும். பிரெப் நேரத்தில் தூங்கினால் எழுந்து நிற்க வேண்டும். முதல் மாதம் பாதி நாள் நின்றுகொண்டே படித்தேன், சில சமயம் நின்றுகொண்டே தூங்கினேன், அது மாட்டிடமிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம்.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே படுக்கும் நேரத்தை வாரத்துக்குக் கால் மணி நேரம் தள்ளுங்கள். கை மாற்றுகிற வேலையும் அப்போதுதான் நடக்கும், கறப்பது குறையக் குறையக் காலையிலும் கொஞ்சம் பிந்தி எழலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். எட்டிலிருந்து பத்து வரை ஒரே இடத்தில் உட்கார்ந்தும் பழகட்டும். ஓடியாடிய உடம்புக்கு அந்த இரண்டு மணி நேரம் சாதாரணமில்லை, கால் தானாக ஆடும். எவ்வளவு பழகினாலும் நாலரைக்கு முழிப்பு வரத்தான் செய்யும். அப்போது டார்மில் நடமாடாதே, லாக்கரைத் திறந்து சத்தம் எழுப்பாதே. தாழ்வாரத்து விளக்கில் உட்கார்ந்து படிக்கலாமா என்று வார்டனிடம் ஒரு தடவை கேட்டுவிடு. எனக்கு அனுமதி கிடைத்தது, கணக்குப் பாடத்தில் நான் தேறினதே அந்த ஒரு மணி நேரத்தால்தான்.

எதற்கும் கேட்டுவிட்டுச் செய்வது, இது நமக்குப் பழக்கமே இல்லாத விஷயம். மாடு வேலி தாண்டினால் அப்பாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டா இருப்போம்? ஒரு நாள் பி.ஜே., அதாவது உடற்கல்வி, நேரத்தில் பள்ளித் திடலுக்குள் ஒரு மாடு வந்துவிட்டது. எல்லோரும் அலறிக்கொண்டு மேடையில் ஏறிவிட்டார்கள். நல்ல சாதுவான கிடாரி, கழுத்துக் கயிறு அறுந்து தொங்கியது. நான் போய் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தேன், திரும்பியது, கயிற்றைப் பிடித்து, கேட்டைத் தாண்டி, சாலையோரம் தேடிக்கொண்டு வந்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். கை தட்டினார்கள். மறுநாள் கட்டொழுங்கு ஆசிரியர் கூப்பிட்டார்: அனுமதியில்லாமல் பள்ளி எல்லையைத் தாண்டியது, பத்துப் புள்ளி கழிவு. எனக்கு அந்தப் பத்துப் புள்ளிமேல் இன்றைக்கும் கோபம் உண்டு, ஆனால் விதி விதிதான். "மிந்தா இசின், சிக்கு" (அனுமதி வேண்டும், டீச்சர்) என்பதை வாய் தானாகச் சொல்கிற அளவுக்குப் பழகிக்கொள். மாடு ஒரு நிமிஷம் காத்திருக்கும்.

சீனியர் தொல்லை பற்றிக் கேட்பீர்கள். துணி துவைக்கச் சொல்வது, மெகி போடச் சொல்வது என்று சில்லறையாகத் தொடங்கும். முதல் தடவையே "முடியாது காக்கா (மலாயில் அக்கா), பிரெப் இருக்கு" என்று சிரித்துக்கொண்டு சொல்லலாம். கை வைத்தால், காசு கேட்டால், அன்றைக்கே வார்டனிடமும் வீட்டிலும் சொல்ல வேண்டும். அங்கே மூடி மறைக்கப் பார்த்தால் கல்வி அமைச்சுக்கே புகார் செய்ய வழி இருக்கிறது. மாட்டு வீட்டுப் பிள்ளைகள் வலியைச் சொல்லாமல் விழுங்கிப் பழகினவர்கள், மாடு உதைத்தாலும் தேய்த்துவிட்டுக்கொண்டு அடுத்த காம்பைப் பிடிப்பார்கள். அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டு போகாதீர்கள்.

தமிழும் போனும்

தாய்மொழி வகுப்பு நடத்த 15 பிள்ளைகளின் பெற்றோராவது கேட்க வேண்டும் என்பது சட்டம். விடுதிப் பள்ளியில் 15 தமிழ்ப் பிள்ளைகளுக்கு எங்கே போவது? என் டார்மில் நானும் இன்னொருத்தியும்தான். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுத வேண்டுமானால் நான்காம் படிவத்தின் தொடக்கத்திலேயே பள்ளியிடம் சொல்லிவிடுங்கள், பயிற்சிக்கு வெளியே ஒரு ஆசிரியரைப் பிடித்து விடுமுறை தோறும் கட்டுரை திருத்தி வாங்குங்கள். ஐந்தாம் படிவத்தில் யோசிக்கலாம் என்றால் நேரம் போய்விடும்.

வீட்டோடு பேசுவதற்கு ஒரு ஒப்பந்தம் வேண்டும். என் காலத்தில் அஸ்ராமா வாசலில் அட்டை போட்டுப் பேசுகிற ஒரே ஒரு காட் போன், வரிசையில் 40 பேர். எங்கள் வீட்டில் போன் இல்லை, பால் வாங்குகிற டீச்சர் வீட்டுக்குத்தான் போடுவேன், அவர்தான் என் கடிதத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். அந்த வருஷம் செப்டம்பரில் புகைமூட்டம் நாட்டையே மூடியது. முகமூடி போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்போம், எனக்கு மட்டும் மாடுகளுக்கு மூச்சு எப்படி இருக்கிறதோ என்றே ஓடும். கேட்டபோதெல்லாம் "எல்லாம் நல்லா இருக்கு" என்றார்கள். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால் எங்கள் வீட்டுச் செவலை இல்லை. ஆகஸ்டிலேயே விற்றுவிட்டார்களாம், கறக்க ஆளில்லாமல். படிப்புக் கெட்டுவிடும் என்று சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு வீட்டில் என்ன சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, "நல்லா இருக்கு" என்றால் எந்த மாடு போச்சு என்று யோசிப்பேன், படிப்புக் கெட்டது அதனால்தான்.

மாடு செத்தாலும் விற்றாலும் அந்த வாரமே சொல்லிவிடுங்கள். பிள்ளை ஒரு ராத்திரி அழும், அவ்வளவுதான். இப்போது பெரும்பாலான விடுதிகளில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நாளில்தான் கொடுப்பார்கள், ஆகவே அந்த நாளுக்கு என்று செய்திகளைச் சேர்த்து வையுங்கள். மாட்டின் போட்டோவும் அனுப்புங்கள், வெட்கப்படாமல்.

விடுமுறைக்கு வரும்போது

பட்டர்வொர்த்துக்கு இப்போது வேகமான மின்சார ரயில் இருக்கிறது, கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து நாலு மணி நேரத்துச் சொச்சம். பெருநாள் நேரத்தில் டிக்கெட் கிடைக்காது, விடுமுறைத் தேதி தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

வந்த மறுநாள் காலை நாலரைக்குப் பிள்ளை தானாக எழுந்து கொட்டகைக்குப் போகும், போகட்டும். ஆனால் உடனே மாட்டுக்குக் கீழே உட்கார விடாதீர்கள். நான் அப்படி உட்கார்ந்து, நானே கன்றிலிருந்து வளர்த்த கிடாரியிடம் தொடையில் உதை வாங்கினேன், பால் முழுக்க மண்ணில். அதற்கு என்னைத் தெரியாமல் இல்லை, என் மேலிருந்த அஸ்ராமா சோப்பு வாசம்தான் பிடிக்கவில்லை. முதல் நாள் தவிடு மட்டும் காட்டு, கழுத்தைச் சொறிந்துவிடு, பேசு. கறக்கும்போது கட்டுகிற பழைய கைலி ஒன்றைக் கொட்டகை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனால், வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு போய் நிற்கலாம், பாதி வேலை மிச்சம். பிள்ளை வருகிறது என்று வீட்டைச் சுத்தம் பண்ணுகிற வேகத்தில் அம்மா அந்தக் கைலியையும் துவைத்துப் போட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.